காலிறுதியில் பி. அம்புறோஸ்

ஜெர்மனி
11.12.2005

அன்பு மகள் மிதுஷாவுக்கு,

அப்பா எழுதுறன். மாதாவின்ர இரக்கத்தால நானும் அம்மாவும் இஞ்ச சுகமா இருக்கிறம், நீயும் அங்க மெல்பேர்ன் வெயிலுக்க ஒரு குறையும் இல்லாமல் இருக்கோணும் எண்டு ஒவ்வொரு செபத்திலயும் உன்ர பேரைச் சொல்லிக் கேக்கிறம். இஞ்ச பான் பக்கம் ஒரு கிழமையா மழையும் குளிரும், அம்மாவின்ர முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, ஆனா மாடிப்படி ஏறேக்க மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு ஏறுறா, வீட்டை நான்தான் மூண்டாம் மாடியில கட்டினமாதிரி. போன ஞாயிறு நீ ரெலிபோனில அழுததில இருந்து எனக்கு ஒழுங்கா நித்திரை இல்லை. ரெலிபோனில விளங்கப்படுத்த வெளிக்கிட்டா அம்மா இடையில வாங்கிக் கதைப்பா, இல்லாட்டி ரெலிபோன் காட்டில காசு முடிஞ்சிடும், அதுதான் எழுதுறன்.

அன்ரனின்ர தாய் சியாமளா அக்கா கல்யாணப் பேச்சு முற்றாகிறதுக்கு முதல் எங்கட குடும்பப் பேரைக் கொம்பியூட்டரில தேடிப் பார்த்தவ எண்டும், அதில பி. அம்புறோஸ், ஜெர்மனி, டென்னிஸ் வீரர், தடை செய்த மருந்து பாவிச்சதுக்கு ஒரு வருசம் விளையாடத் தடை எண்டு வந்தது எண்டும், இது உங்களுக்குச் சொந்தமோ எண்டு கேட்டவ எண்டும் நீ சொன்னாய். அது வேற ஆரோ அம்புறோஸ் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ அப்பா, அவையள் அதோட விட்டிடுவினம் எண்டு கேட்டாய். நானும் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். அந்தக் கடிதத்துக்காக மூண்டு நாள் இருந்து நாலு தாள் கிழிச்சன், எழுத ஏலாமல் இருக்கு. அது நான்தான் பிள்ளை. நடந்ததை முதலில இருந்து எழுதுறன், உனக்குத் தெரிஞ்சதையும் திருப்பி எழுதுறன், ஏனெண்டா இதை நீ சியாமளா அக்காவுக்கு முழுக்க வாசிச்சுக் காட்டவேணும். நடுவில விட்டு வாசிக்காத, நடுவில விட்டா இன்னும் மோசமா இருக்கும்.

நான் இஞ்ச பதினாறு வருசமா டென்னிஸ் கழகத்தில மைதானம் பார்க்கிற வேலை செய்யிறன் எண்டு அவவுக்குச் சொல்லு. சிவப்பு மண்ணைக் கூட்டுறது, தண்ணி அடிக்கிறது, வெள்ளைக் கோடுகளை ஆணியடிச்சு இறுக்கிறது, இவ்வளவும்தான். நீ படிக்கப் போன அடுத்த வருசம் எங்கட கழகம் கோடைகாலத்தில மற்றக் கழகங்களோட மோதுறதுக்கு ஒரு ரஷ்யாக்காரனைக் கூலிக்குப் பிடிச்சது. பாவெல் சுப்கோவ் எண்டு பேர், அப்ப இருபத்தாறு வயது, உலகப் பட்டியலில நானூற்றுப் பன்னிரண்டாவது ஆள். அவனை வைச்சிருக்கிறம் எண்ட ஜெர்மன் குடும்பத்தின்ர நாய்க்கு அவனைப் பிடிக்கேல்ல. கழகத் தலைவர் வந்து, உன்ர மகளின்ர அறை சும்மாதானே கிடக்கு, மூண்டு கிழமைக்கு மட்டும் எண்டு கேட்டார். இரண்டு பையோடயும் ஏழு மட்டையோடயும் ஒரு இஸ்திரிப் பெட்டியோடயும் வந்தான். மூண்டு வருசத்துக்கு மேலாச்சு, இன்னும் உன்ர கட்டிலிலதான் படுக்கிறான். பாவெல் எண்டா பவுல், எங்கட புனித சின்னப்பர்தானே எண்டு அம்மா முதல் நாளே அவனுக்குச் சின்னப்பு எண்டு பேர் வைச்சிட்டா.

வந்த வருசம் அவன் தொடர்ந்து பதினொரு ஆட்டம் தோத்தவன். அம்மாவுக்கு டென்னிஸ் கணக்குப் பதினைஞ்சு, முப்பது, நாப்பது எண்டு போறது தெரியாது. நூற்றுக்கு எண்டு நினைச்சுக்கொண்டு, இந்தப் பெடியன் ஒரு நாளும் நாப்பதுக்கு மேல எடுக்கிறான் இல்லை, தாய் தேப்பன் எவ்வளவு கவலைப்படுங்கள், ரியூசனுக்கு விட்டா என்ன எண்டு என்னைக் கேட்டவ. பிறகு தானே பொறுப்பெடுத்தா. பின்னேரம் ஏழு மணிக்குச் சாப்பாடு, கோப்பி இல்லை, தோத்தா அழலாம் ஆனா சாப்பிட்ட பிறகுதான் அழவேணும். 2003 ஐப்பசியில சின்னப்பு முதல் தடவையா முந்நூறுக்குள்ள வந்தான். அடுத்த கோடையில டிரெஸ்டனில மூண்டே முக்கால் மணித்தியாலம் விளையாடி, எதிராளிக்குக் காலில தசை குறண்டிப் பிடிச்சு அவன் நிலத்தில கிடந்து உருள, இவன் வெண்டு நூற்றி எண்பத்தெட்டுக்கு வந்தான். அண்டைக்கு இரவு அம்மா ஐஞ்சாந்தரமும் பிட்டு வைக்கப் போக, போதும் எண்டு கையைக் காட்டி, "காணும் அன்ரி" எண்டு தமிழில சொன்னான். அவன்ர வாழ்க்கையில அதையும் ஒரு வெற்றியாத்தான் நான் எடுக்கிறன், நான் கலியாணம் கட்டின நாளில இருந்து அந்தச் சொல்லை உன்ர அம்மாவிட்டச் சொல்லி வெண்டதில்லை.

பிழை துவங்கினது போன மார்கழியில. அவன் இஞ்ச தொடர்ந்து இருக்கிறதெண்டா நகர அலுவலகத்தில எங்கட விலாசத்தில பதியவேணும். நானும் கூடப் போனன். அங்க இருந்த பெண்பிள்ளை ரொம்ப நல்ல பிள்ளை, தமிழ் ஆக்களுக்குத் தேப்பன்ர பேர்தான் குடும்பப் பேரா வரும் எண்டு ஏதோ வகுப்பில படிச்சதாம், அதைச் சொல்லிச் சந்தோசப்பட்டுது. இந்த வீட்டில தேப்பன் ஆர் எண்டு கேட்டுது. என்ர வீட்டில தேப்பன் நான்தானே, நான் என்னைக் காட்டினன். இரண்டு கிழமையில கடுதாசி வந்துது, பாவெல் அம்புறோஸ் எண்டு. திருத்தவேணும் எண்டு உடன ஓடினன். ஓம், திருத்தலாம், அதுக்குத் தெர்மின், அதாவது முன்கூட்டி நேரம், எடுக்கவேணும் எண்டு ஆறு மாதம் தள்ளி ஒரு நாள் தந்தவை.

அந்த ஆறு மாதத்துக்குள்ளதான் வைகாசி வந்துது. வைகாசியில எங்கட கழகத்தில ஒரு போட்டி, உலகப் பட்டியலுக்குப் புள்ளி கிடைக்கிற போட்டி, முப்பத்திரண்டு பேர் விளையாடுறது. சின்னப்பு வழமைபோல சுப்கோவ் எண்ட பேரில விண்ணப்பிச்சிட்டான். ஊர்க்காரன் ஒருத்தனுக்கு எண்டு ஒரு இடம் எப்பவும் ஒதுக்கி வைப்பினம். புதுசா வந்த காரியதரிசி, லின்டமான் எண்ட மனிசி, நகர அலுவலகத்தில இருந்து ஒரு பட்டியல் எடுத்துப் பார்த்திருக்கு, அதில பாவெல் அம்புறோஸ், தொழில் டென்னிஸ் எண்டு கிடந்திருக்கு. எங்கட அம்புறோஸ் பதினாறு வருசமா மண் கூட்டுறான், அவன்ர மகனும் விளையாடுறான் போல, இந்த முறை அவனுக்குக் குடுப்பம் எண்டு நல்ல மனசில செய்திருக்கு. என்னைக் கண்டு, உங்கட மகனுக்கு ஒரு பிளாட்ஸ் வைச்சிருக்கிறன் எண்டு சொல்லிச்சுது. பிளாட்ஸ் எண்டா இவையின்ர மொழியில இடமும் அதுதான், மைதானமும் அதுதான், கதிரையும் அதுதான். நான் கதிரை எண்டு நினைச்சு நன்றி சொன்னன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு போய்ப் பார்த்தா அட்டவணையில மேல பி. சுப்கோவ், கொஞ்சம் கீழ பி. அம்புறோஸ். சின்னப்பு அதுக்கு முன்னால நிண்டு தன்ர பேரை இரண்டு தரம் வாசிச்சிட்டு அப்பிடியே புல்லில இருந்திட்டான். ஒருத்தன் இரண்டு பேரில விளையாடினா ஆளை நிப்பாட்டிப் புள்ளியெல்லாம் பறிச்சுப் போடுவினமாம். அந்தக் கிழமை அவன் நூற்றி இருபத்தேழாவது. இந்த வருசம் நூறுக்குள்ள வராட்டிச் ரஷ்யாவில சரட்டோவ் நகரத்தில மாமன்ர கார் ரயர் கடைக்கு வேலைக்குப் போறன் எண்டு எழுதியும் போட்டவன். லின்டமான் மனிசி விசயம் விளங்கி அழுதுது. வெளியில இருந்து வந்த பெரிய நடுவர் புறொக்மான் எண்டவர், சட்டப் புத்தகத்தைக் கமக்கட்டுக்க வைச்சுக்கொண்டுதான் சாப்பிடவும் போற ஆள், அவரிட்டச் சொல்ல எல்லாருக்கும் பயம். கடைசியில, அம்புறோஸ் எண்டவன் முதல் ஆட்டத்துக்கு வராமல் விட்டாத் தோத்ததாப் போயிடும், சத்தம் போடாமல் இருப்பம் எண்டு முடிவெடுத்தம்.

ஆனா தோக்கிறதுக்கும் எதிராளி வரவேணும் பிள்ளை. திங்கட்கிழமை அம்புறோசோட விளையாட இருந்த ஸ்பெயின்காரன் கொலோனில பிழையான றெயினில ஏறி ஒல்லாந்துக்குப் போயிட்டான், அங்கயிருந்து போன் எடுத்து என்னை விலக்குங்கோ எண்டிட்டான். அம்புறோஸ் வராமல் விடுறதுக்கு முதலே அம்புறோஸ் வெண்டிட்டான். புதன்கிழமை செக் நாட்டுப் பெடியன் ஒருத்தன், காளான் சாப்பிட்டு வயித்தாலயடியாம், எழும்ப ஏலாமல் கிடந்தான். திருப்பியும் வெற்றி. மற்றப் பக்கத்தில சின்னப்பு பாவம் சுப்கோவ் எண்ட பேரில முழங்கை தேய, நாக்குத் தள்ள இரண்டு ஆட்டம் வெண்டு வந்தான். வெள்ளிக்கிழமை ஊர்ப் பேப்பரில போட்டிருந்தது, ஒரு புள்ளிகூட இழக்காத மர்ம வீரன் அம்புறோஸ் எண்டு. கீழ காலிறுதி, இரண்டு மணி, சுப்கோவ் எதிர் அம்புறோஸ்.

காலமை நான் மண்ணுக்குத் தண்ணி அடிச்சுக்கொண்டு நிக்க, புறொக்மான் நேர என்னட்ட வந்தார். ஐஞ்சு நாளா இந்த அம்புறோசை ஒருத்தரும் காணேல்ல, இண்டைக்கு இரண்டு மணிக்கு ஆள் வராட்டி இரண்டு பேரின்ர பேரிலயும் விசாரணை எழுதுவன், அம்புறோஸ் எண்டது ஆர் எண்டு எல்லாருக்கும் கேக்கக் கேட்டார். அவருக்குப் பின்னால சின்னப்பு மட்டைக்குத் துணி சுத்திக்கொண்டிருந்தவன், கை அப்பிடியே நிண்டிட்டுது. மூண்டு வருசத்தில அவன்ர முகத்தை அப்பிடி நான் பார்த்ததில்லை.

"நான்தான் அம்புறோஸ்" எண்டன்.

என்ர அடையாள அட்டையைக் குடுத்தன். உனக்குத் தெரியும், என்ர அப்புவின்ர பேர் பிலிப்பு, அதுதான் என்ர முதலெழுத்து. புறொக்மான் அட்டையைப் பார்த்தார், தண்ணிக் குழாயைப் பார்த்தார், சட்டப் புத்தகத்தைத் திறந்து கனநேரம் வாசிச்சார். பதினாலு வயதுக்குக் குறைஞ்சவை விளையாட ஏலாதாம், மேல இவ்வளவுதான் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. இரண்டு மணிக்கு நேரத்துக்கு வாங்கோ, சுத்தமான சப்பாத்துப் போடுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போனார். நான் பொய் ஒண்டும் சொல்லேல்ல, பிறகு கோயிலில பாவசங்கீர்த்தனத்தில சுவாமியிட்டக் கேட்டனான், அவரும் கொஞ்சம் யோசிச்சிட்டு அது பொய் எண்டு சொல்ல ஏலாது எண்டார்.

ஐம்பத்தெட்டு வயதில, நீ முந்தி வாங்கித் தந்த நடக்கிற சப்பாத்தோட, நானூறு பேருக்கு முன்னால இறங்கினன். அம்மா தேத்தண்ணிப் போத்தலோட முன் வரிசையில இருந்தவ. முதல் ஆறு கேமும் பதினாலு நிமிசம். சின்னப்பு மெதுவா அடிச்சான், அந்த மெதுவான பந்தையே என்னால காணேலாமல் இருந்துது. இரண்டாவது செட்டிலயும் ஐஞ்சுக்குப் பூச்சியம். அப்ப அவன் வலைக்குக் கிட்ட வந்து சத்தமில்லாமல், "காணுமா அங்கிள்?" எண்டு கேட்டான். எனக்கு மூச்சு வாங்குது, மேலெல்லாம் வேர்வை, காணும் எண்டு சொல்லத்தான் வாய் திறந்தனான். ஆனா மிதுஷா, அந்த மண்ணை நான் பதினாறு வருசமாக் கூட்டியிருக்கிறன், அண்டைக்குத்தான் அதில நிண்டு எதிர்ப் பக்கத்தைப் பார்த்தனான். கூட்டுறவன் குனிஞ்சு நிலத்தைத்தான் பார்ப்பான். அந்த நேரம் எனக்கு நீ பதினொரு வயதில என்னோட வந்து, அப்பா எனக்கும் ஒரு மட்டை வாங்கித் தாங்கோவன் எண்டு கேட்டது நினைவு வந்துது. பொம்பிளைப் பிள்ளைக்கு இந்தக் குட்டைப் பாவாடை விளையாட்டு வேண்டாம், போய்க் கணக்கைச் செய் எண்டனான். நீ திருப்பிக் கேக்கவே இல்லை. அண்டைக்கு நான் சொன்னது பிழை. இதைச் சியாமளா அக்காவுக்கு வாசிக்காட்டியும் பறவாயில்லை, இது உனக்கு.

அவனைப் போ, போய் நில்லு எண்டன். என்ர சேர்வ். கீழால கரண்டியால அள்ளுற மாதிரித்தான் போட்டன். மேற்குப் பக்க நடுக்கோட்டடியில மண்ணுக்குக் கீழ ஒரு மரவேர் ஓடுது, அதில விழுந்தாப் பந்து எழும்பாது, அது எனக்கு மட்டும்தான் தெரியும். முதல் பந்து அதில விழுந்து அப்பிடியே படுத்திட்டுது. இரண்டாவதும் அதிலயே போட்டன். மூண்டாவதுக்கு அவன் ஓடி வர, காலமை நான் அளவுக்கு மிஞ்சித் தண்ணி அடிச்ச இடத்தில சறுக்கி விழுந்தான். நாப்பது எண்டு நடுவர் சொல்ல, அம்மா எழும்பி நிண்டு பாஸ், பாஸ் எண்டு கையைத் தட்டினா, சனமெல்லாம் சேர்ந்து தட்டிச்சுது. நாலாவது பந்தை அவன் வலைக்க அடிச்சான். ஒரு கேம். வேணுமெண்டு விட்டவனோ எண்டு பிறகு கேட்டனான், இல்லை அங்கிள், எனக்குப் பயம் பிடிச்சிட்டுது எண்டான். அவன் எனக்குப் பொய் சொல்லுறவன் இல்லை. ஆறுக்குப் பூச்சியம், ஆறுக்கு ஒண்டு எண்டு முடிஞ்சுது.

அடுத்த நாள் அரையிறுதி, ஞாயிறு இறுதி, இரண்டையும் சின்னப்பு வெண்டான். அவன்ர முதல் கிண்ணம். திங்கட்கிழமை உலகப் பட்டியலில பாவெல் சுப்கோவ் தொண்ணூற்றி எட்டாவது. ரயர் கடைக்காரருக்கு அவன் போன் எடுத்து அழுதான், சாப்பிட்ட பிறகுதான். அதே பட்டியலில கீழ இறங்கி இறங்கிப் போனா எண்ணூற்றி எழுபத்தொராவது இடத்தில பி. அம்புறோஸ், ஜெர்மனி. பிறந்த ஆண்டு 1974 எண்டு போட்டிருந்தது. 47 எண்டது எழுத்துப் பிழை எண்டு நினைச்சு ஆரோ இரக்கப்பட்டுத் திருத்தியிருக்கினம்.

இனி மருந்துக் கதை. ஆட்டம் முடிஞ்ச கையோட ஒரு மனிசன் வந்து, சீட்டுக் குலுக்கினதில உங்கட பேர் விழுந்திருக்கு, சலம் சோதிக்கவேணும் எண்டார். மூண்டு மணித்தியாலம் எனக்கு வரேல்ல. அந்த மனிசன் நிழல் மாதிரி என்னோடயே திரிஞ்சார், நான் மைதானத்துக்கு வலை இழுத்துச் சமப்படுத்த அவரும் மற்றப் பக்கத்தில பிடிச்சு இழுத்தார். அம்மா இரண்டு பேருக்கும் பார்லித் தண்ணி குடுத்தா, அவருக்குத்தான் முதல் வந்துது. ஆடியில கடிதம் வந்துது, என்ர பிரஷருக்கு வைத்தியர் தாற நீர் போற குளிசை, உனக்குத் தெரியும், நீ மருந்துக் கடையில நிக்கிறனி, அது விளையாட்டுக்காரர் எடுக்கக் கூடாத மருந்தாம். ஐப்பசியில பானுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டவை. மூண்டு பேர் மேசையில இருந்தவை, நான் உள்ள போக, உங்கட மகன் வரேல்லையோ எண்டு கேட்டவை.

குளிசையைப் பற்றிக் கேட்டவை, அது போடாட்டித் தலை சுத்தும் எண்டன், எழுதிக்கொண்டவை. பிறகு நடுவில இருந்த பெண்மணி, இந்த ஆட்டம் பகிடிக்கு விளையாடினதெண்டு ஒரு முறைப்பாடு இருக்கு, பகிடி எண்டா ஆட்டமே செல்லாது, சுப்கோவின்ர வெற்றியும் செல்லாது, உங்களுக்கும் தண்டனை இல்லை, வீட்டை போகலாம் எண்டா. அதாவது நான் சும்மா இறங்கினனான் எண்டு சொன்னா நான் தப்பலாம், சின்னப்பு ரயர் கடைக்குப் போவான். நான் யோசிக்கவேயில்லை பிள்ளை, ஏனெண்டா உண்மையும் அந்தப் பக்கம்தான் இருந்துது. வெல்லத்தான் விளையாடினன் எண்டன். அவ கண்ணாடியைக் கழட்டி, ஆறுக்குப் பூச்சியம், ஐஞ்சுக்குப் பூச்சியம் எண்டு நிக்கேக்கயுமோ எண்டா.

"அப்பதான் இன்னும் கூட" எண்டன்.

ஆட்டம் நடந்த நாளில இருந்து ஒரு வருசத் தடை போட்டவை, என்ர எண்ணூற்றி எழுபத்தொண்டையும் எடுத்துப்போட்டினம். சின்னப்புவின்ர வெற்றி நிண்டுது. இதுதான் கொம்பியூட்டரில கிடக்கிற கதை. அதனால அது வேற அம்புறோஸ் எண்டு நான் எழுத ஏலாது மகள். எழுதினா அந்த மூண்டு பேருக்கு முன்னால சொன்னதை நானே இல்லையெண்டு சொன்னமாதிரிப் போயிடும். சியாமளா அக்கா இதுக்காக வேண்டாம் எண்டு சொன்னா எனக்குக் கவலையாத்தான் இருக்கும், உனக்கு அன்ரனைப் பிடிச்சிருக்கு எண்டு அம்மா சொன்னவ. ஆனா அந்தப் பெடியனுக்கும் உன்னைப் பிடிச்சிருந்தா, மாமனார் ஒரு கேம் எடுத்தவர் எண்டதால விட்டிட்டு ஓடமாட்டான். அவனையே இதை வாசிக்கச் சொல்லு.

மற்றது, சின்னப்பு வாற தை மாதம் ஐந்தாந்திகதி அங்க வந்து இறங்குறான். பெரிய போட்டியில நேரடியா விளையாடுறது அவனுக்கு இதுதான் முதல் தரம், இப்ப தொண்ணூற்றி நாலாவது. முதல் சுற்றிலயே தோத்திடுவன் எண்டு சொல்லிக்கொண்டுதான் பெட்டி கட்டுறான். ஒரு நாளாவது பிட்டும் நல்ல மீன் குழம்பும் குடு, காளான் வேண்டாம். சியாமளா அக்கா வீட்டையும் கூட்டிக்கொண்டு போ, நடந்ததுக்கு அவன்தான் சாட்சி. அம்மா அவனிட்ட உனக்கு மிளகாய்த்தூளும் இரண்டு சீலையும் குடுத்துவிடுறா, விமான நிலையத்தில மறிச்சா அவனுக்குச் சொல்லத் தெரியாது, நீ போய் நில். ஏசிக் காத்துக்க கனநேரம் இருக்காத, ஞாயிறு பூசையைத் தவறவிடாத, வேலை வேலை எண்டு மத்தியானச் சாப்பாட்டைப் பிந்தவிடாத.

போன கிழமை டென்னிஸ் சங்கத்தில இருந்து ஒரு படிவம் வந்தது. வாற வைகாசி இருபதாந்திகதியோட உங்கட தடை முடியுது, அதுக்குப் பிறகு என்ன செய்யப் போறியள் எண்டு கேட்டு இரண்டு பெட்டி. ஓய்வு பெறுகிறேன் எண்டு ஒண்டு, தொடர்ந்து விளையாடுவேன் எண்டு மற்றது. அம்மா பேனையைக் கையில தந்து முதலாவதைக் காட்டினவ, பிறகு அடுப்பைப் பார்க்கப் போயிட்டா. நான் இரண்டாவதில புள்ளடி போட்டு உறையை ஒட்டிப்போட்டன். இந்தக் கடிதத்தோட சேர்த்து அதையும் இப்ப தபால் பெட்டியில போட்டிட்டு வாறன். ரெலிபோன் எடுக்கேக்க அம்மாவிட்ட வாயைத் திறந்திடாத.

ஆண்டவர் உன்னையும் நீ விரும்பிறவையையும் கைவிடாமல் காக்கட்டும். அம்மாவின்ர முத்தமும் என்ர ஆசீரும்.

உன்ர அன்பு அப்பா,
பி. அம்புறோஸ்